இரண்டு நிமிடம் பதினொரு செக்கன்

ட்ரெய்லரில் நாற்பத்தேழாவது செக்கனில்
நிஸ்தார் திரும்பிப் பார்க்கிறான்.
கையில் சுக்கான், கண்ணில் வெயில்,
பின்னால் கொட்டியாரக்குடா தகதகவென்று.
அவனுக்குப் பக்கத்தில் தெரிகிற அரைத் தோள்
என்னுடையது.

மூன்று நாள் எடுத்தார்கள்.
லோஞ்சுக்கு வாடகை, எங்களுக்கு
ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறும் ஒரு பார்சல் சோறும்.
கலிஸ்ரா மீன்கூடையோடு
ஆறுதரம் ஏறி ஆறுதரம் இறங்கினாள்.
ஏழாம் தரம், நாறுது என்று
மீனைக் கொட்டிவிட்டுக்
கூடைக்குள் பஞ்சு அடைத்தார்கள்.

ட்ரெய்லர் வந்த இரவு
நிஸ்தார் வீட்டில் அந்த ஒரு செக்கனை
விரலால் பின்னுக்கு இழுத்து இழுத்துப் பார்த்தோம்,
தேய்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வரும்வரை.
மழை கொட்டியது அதில்.
ஆடியில் திருகோணமலைக்கு ஏது மழை? இருக்கட்டும்.
ஒரு வீடு எரிந்தது.
கதாநாயகி கடலைப் பார்த்து,
'திரும்பி வந்தா நான் என்ன செய்யிறது?' என்றாள்.
இடி. இருட்டு. படத்தின் பெயர்.
றிப்கா அடுப்பில் வைத்த தேத்தண்ணி
வற்றிக் கேத்தில் கரிந்த மணம் வந்தபிறகுதான்
எல்லாருக்கும் மூச்சு வந்தது.

பிறகு படம் வந்தது.
பதினெட்டுப்பேர் போனோம்.
நிஸ்தார் கல்யாணச் சேட்டுப் போட்டிருந்தான்.

மழை பெய்யவில்லை.
எரிந்த வீடு, யாரோ பார்க்கிற டிவிக்குள் எரிந்தது.
அவள் கடலிடம் ஒன்றும் கேட்கவில்லை;
வங்கிக் கவுண்டரில் நின்று
ஒரு காசோலையைப் பற்றிக் கேட்டாள்:
'திரும்பி வந்தா நான் என்ன செய்யிறது?'
இருபத்தைந்து ரூபா அறவிடுவோம் என்றார் கிளார்க்.

எங்களூருக்குப் 'பவளந்துறை' என்று
பெயர்ப்பலகை நட்டிருந்தார்கள்.

லோஞ்ச் வந்தது. பதினெட்டுப்பேரும் நிமிர்ந்தோம்.
கமரா சுக்கானைத் தொட்டது, உடனே
அவள் முகத்துக்குப் பாய்ந்துவிட்டது.
வாப்பாவின் இரண்டு விரல் தெரிந்தது என்று
மகன் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான்.
பஞ்சுக்கூடை முழுசாக இருந்தது.
அதன் கீழே கலிஸ்ரா இல்லை.

இடைவேளையில் நிஸ்தார் கேட்டான்:
'வெட்டின துண்டு இப்ப எங்க கிடக்கும்?'
ஏதாவது கம்பியூட்டருக்குள்ள, என்றேன்.
'சும்மாவா?'
சும்மாதான்.
கடலை வாங்கப் போனவன்
உள்ளே திரும்பி வரவில்லை.

ஏமாத்திட்டானுகள் என்று பின்வரிசை கத்தியது.
நான் வாய் திறக்கவில்லை.
பதினாலு வருசமாக ஜெட்டியில் டிக்கட் கிழிக்கிறவன் நான்.
'இப்ப வெளிக்கிடும், இப்ப வெளிக்கிடும்' என்று
கூவி ஏற்றிவிட்டு
ஆள் நிரம்பும்வரை அரைமணித்தியாலம்
வெயிலில் கட்டிவைக்கிறவன்.

கடைசிக்குச் சற்றுமுன்,
அவனும் அவளும் ஜெட்டியில்.
பாட்டில்லை, பேச்சில்லை, அலை மட்டும்.
இரண்டு நெற்றியும் தொடப்போகிற நேரம்
தூரத்தில் எங்கேயோ ஒரு குரல்:

'மூதூர்! மூதூர்! இப்ப வெளிக்கிடும்!'

கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.
ட்ரெய்லரில் என் தோள் இருந்தது, குரலை இசை மூடியிருந்தது.
படத்தில் தோளை வெட்டினார்கள்,
குரலைக் கழுவ மறந்துபோனார்கள்.
பவளந்துறையில் நின்று ஒருத்தன்
மூதூருக்கு ஆள் கூப்பிடுகிறான்,
கூட வந்த பதினாறுபேருக்கும் அது கேட்கவில்லை,
அது ஜெட்டியில் எப்போதும் இருக்கிற சத்தம்.

வெளியே நிஸ்தார் மதிலோரம் நின்றான்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
போஸ்டரின் கீழ்மூலையைப்
பசையோடு சப்பிக்கொண்டிருந்தது.
'முடிவு என்ன?' என்றான்.
சேர்ந்திட்டினம், என்றேன்.
'சத்தம் எல்லாம் நல்லாவா?'
பரவாயில்லை, என்றேன்.

அவன் சேட்டின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு,
நாளைக்கு முதல் லோஞ்ச் ஏழுக்கு என்றான்.
ஏழு என்றால் ஏழரை.