லாபம், ரெண்டு, மூணு

பழையபேட்டை சராப்புக் கடையில்
எதையும் ஒன்று என்று எண்ணத் தொடங்கமாட்டார்கள்.
லாபம், ரெண்டு, மூணு.
சிங்கிரி செட்டியார் ராணி தலை ரூபாயைக்
கல்லில் சுண்டி, ஓசையைக் காதில் வாங்கி,
பலகையில் வைப்பது அப்படித்தான்.
பேரேடு எழுதியது நான்.
மாதம் ஏழு ரூபாய். மை என் செலவு.

தாது வருஷம்
மூன்று கேழ்வரகுக் குழி திறந்தார்.
வாய்க்கல்லைப் புரட்டியதும் ஆள் இறங்கக் கூடாது,
கயிற்றில் விளக்கை விட வேண்டும்.
அணைந்தால் காத்திருக்க வேண்டும்.
வெளியே நின்றவர்களும் காத்திருந்தார்கள்,
பிள்ளைகளைக் குந்தவைத்துக்கொண்டு.
வள்ளத்துக்கு ரெண்டு வள்ளம், அறுப்பில்.
அறுப்பு வரவில்லை. நிலம் வந்தது.
கொன்றார் என்று சொல்லமாட்டேன்.
காப்பாற்றினார் என்றும் என் கை எழுதாது.
பற்று எழுதினேன், அவ்வளவுதான்.

பிறகொரு சித்திரையில் தாலுகா போர்டு வந்தது.
ரோடு, கிணறு, அம்மை குத்துகிறவர் சம்பளம்
எல்லாம் இனி நாமே தீர்மானிப்போமாம்.
செட்டியார் பெங்களூரிலிருந்து
சரிகைத் தலைப்பாகை வரவழைத்தார்.
அதற்கு மட்டும் பேரம் பேசவில்லை.

ஓட்டுள்ளவர்கள் ஜாபிதாவை
நான்தான் பெயர்த்தெழுதினேன்.
பாதியில் கை நின்றது.
கெம்பய்யன், முனிவெங்கடன், லால்கான் சாயபு...
இந்த வரிசையை முன்பே எழுதியிருக்கிறேனே.
அதே பேரேடுதான்,
தொகை மட்டும் இல்லை.

கச்சேரி வாசல் புளியமரத்தடியில்
தாசில்தார் கை தூக்கச் சொன்னார்.
தூக்கினார்கள்.
அசலுக்கு ஒன்று, வட்டிக்கு ஒன்று என்று நினைத்தானோ,
கெம்பய்யன் ரெண்டையும் தூக்கிவிட்டான்.
டவாலி அதட்டி ஒன்றை இறக்கினான்.
லாபம், ரெண்டு, மூணு... செட்டியார் உதடு அசைந்தது.
கடைசியில் மாலப்பன் மட்டும்
கக்கத்தில் கை செருகி நின்றான்.
அன்று விடியலில்தான் கடைக்கு வந்து
முடிச்சை அவிழ்த்துக் கொட்டி
அறுபத்து மூன்றே முக்கால் ரூபாயைத் தீர்த்திருந்தான்.
அவனுடைய ஆலம்பாடிக் காளைகள் இரண்டும்
காவேரிப்பட்டணம் சந்தையில் கைமாறிவிட்டன.
'ஒருவர் நீங்கலாக' என்று எழுதினேன்.

ஓசூரில் கூட்டம்.
மேசைக்குப் பச்சை விரிப்பு.
பாயில் சம்மணமிட்டே பழகிய மனிதர்
நாற்காலியில் கால்களை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்.
சப்-கலெக்டர் துரை படித்தார்:
வண்டிச் சுங்கம் இனி இரட்டிப்பு.
புளியும் ராகியும் ஏற்றிப் போகிற வண்டிகளில்
முக்கால்வாசி எங்களுடையவை.
வருஷத்துக்கு இருநூற்றுப் பதினொரு ரூபாய் நஷ்டம்,
முந்தின இரவு நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.
மறுத்துப் பேச வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார்,
சூளகிரி வரைக்கும் தெலுங்கில், அப்புறம் தமிழில்.

துரை கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்தார்.
செட்டியார் கை மேலே இருந்தது.
எப்போது போனதென்று அவருக்கே தெரியவில்லை.
யாரோ கொண்டுவந்து மாட்டிய கையைப் போல
அண்ணாந்து பார்த்தார்.

துரைக்கு நாங்கள் காலணா தரவேண்டியதில்லை.
பன்னிரண்டு வருஷத்துப் பேரேட்டையும் மனதில் புரட்டினேன்.
எந்தப் பக்கத்திலும் அந்தப் பற்று இல்லை.
'ஏகமனதாக' என்று எழுதினேன்.

திரும்பி வருகையில்
சூளகிரிச் சாவடியில் மூங்கில் குறுக்கே இறங்கியது.
சேவகன் விளக்கைத் தூக்கி முகம் பார்த்து,
'மெம்பர் ஐயாவா, போகட்டும்' என்றான்.
செட்டியார் மடியை அவிழ்த்தார்.
அணாக்களை அவன் கையில் வைத்தார்,
புது விகிதப்படி.
ஒன்று, ரெண்டு, என்று எண்ணி.

வெகுதூரம் போன பிறகு,
நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ,
இருட்டைப் பார்த்துக் கேட்டார்:
'மாலப்பன் காளைங்க
என்ன விலைக்குப் போச்சாம்?'