பேய் முடிந்த பிறகு

கல்மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக்கு எதிரே
லாசர் வீடியோஸ்.
ஒரு ஷட்டர், ஒரு ஸ்டூல், ஒரு டியூப்லைட்.
மீன் லாரி போகும்போதெல்லாம் அது கண்ணடிக்கும்.

குடும்பப் படங்கள் கண் மட்டத்தில்.
சண்டைப் படங்கள் அதற்கு மேல்.
பேயை மட்டும் முட்டி போட்டுத்தான் எடுக்க வேண்டும்,
கீழ்த்தட்டில், கொசுவத்திச் சாம்பலுக்குப் பக்கத்தில்.
அட்டையில் படம் இருக்காது.
வெள்ளை ஸ்டிக்கரில் லாசர் அண்ணனின் சாய்ந்த கையெழுத்து:
‘பேய் 4. இங்கிலீஷ். மாசமா இருக்கறவங்க வேணாம்.’

அப்பாவுக்கு ஹார்பரில் நைட் ஷிப்ட் விழுந்தால்
எங்கள் வீட்டு மாடிப்படியில் டெக்கு ஏறும்.
டிவி ஜீனத் வீட்டுடையது.
வாடகைக்குத் தெருப் பிள்ளைகளிடம் வசூல்.
ஸ்டெல்லா அக்கா ரேஷன் கார்டை அடமானமாக வைத்துவிட்டு
பேயைத் தாவணியில் சுற்றிக்கொண்டு வருவாள்.

முதலில் கோடு வரும். பிறகு மழை.
ஹெட்டில் அழுக்கு என்று
மொடமொடப்பான புது ரெண்டு ரூபாய் நோட்டால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பாள்.

பேய் வருகிற இடத்தில்தான் டேப் அதிகம் தேய்ந்திருக்கும்.
எங்களுக்கு முன்னால் எடுத்தவர்கள் எல்லாம்
அங்கேயே நிறுத்தி, பின்னால் ஓட்டி,
மறுபடி மறுபடி பயந்திருக்கிறார்கள்.
அதனால் எங்களுக்குப் பேய் முழுசாக வந்ததே இல்லை.
பாதி வாய், ஒரு கை, நிறைய இரைச்சல்.
மீதியை நாங்களே போட்டுக்கொண்டோம்.

அன்றைக்கு பேய் 4 முடிந்து
இங்கிலீஷ் பெயர்கள் மேலே ஏறிப் போயின.
எழுந்து போய் டெக்கை நிறுத்த
ஒருவருக்கும் தைரியம் இல்லை.
திரை முழுக்க எறும்பு மொய்த்தது.
மொய்க்கட்டும் என்று போர்வைக்குள் கிடந்தோம்.

திடீரென்று வெளிச்சம்.
யாரோ கட்டைவிரலை லென்சிலிருந்து எடுக்கிறார்கள்.
காகிதத் தோரணம். பேண்டு வாத்தியம்.
வலைத்துணிக்குப் பின்னால் ஒரு பெண்
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.
அவள் மூக்கில் கேக்கின் கிரீமைத் தடவிவிட்டு,
தொளதொள கோட்டில், தலை நிறைய முடியோடு,
நம்மைத் திரும்பிப் பார்க்கிறார் லாசர் அண்ணன்.

டக்கென்று டேப் தீர்ந்தது.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது எங்களுக்குத் தெரியாது.
கடைக்குப் பின்னால் ஒரே ஒரு தட்டு,
ஒரே ஒரு டம்ளர் கவிழ்ந்திருப்பதுதான் தெரியும்.
“அவங்க இப்ப எங்க?” என்றாள் ஜீனத்.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று
போய்க்கொண்டே இருந்தது.

காலையில் கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாக
சுருளை உற்றுப் பார்த்தார்.
“ரீவைண்ட் பண்ணிக்கினு வந்தியா?”
“பண்ணிட்டேண்ணா.”
“கடைசி வரிக்கும் ஓட்னியா?”
பாவசங்கீர்த்தனத்துக்குச் சொல்லப் பாவம் கிடைக்காமல்
என்னிடம் கடன் கேட்கிற அக்கா
கண் கொட்டாமல் சொன்னாள்:
“இல்லண்ணா. பேய் செத்ததுமே ஆஃப் பண்ட்டோம்.”

ரேஷன் கார்டைத் திருப்பித் தந்தார்.
அவர் முகத்தில் அப்போது வந்தது நிம்மதிதானா,
இன்றுவரை எனக்குச் சந்தேகம்.
காலி கேசட் வாங்கக் காசில்லையோ, கோபமோ,
பழைய கேசட்டில் பேயை ஏற்றிவிட்டார், சரி.
ஆனால் பேய் எத்தனை நிமிஷம், கேசட் எத்தனை நிமிஷம்?
லாசர் அண்ணனுக்குத் தெரியாத நீளம் கிடையாது.

போன வாரம் போனில் அந்தப் படம் கிடைத்தது.
கோடில்லை, மழையில்லை.
பேய் முழு முகத்தோடு வந்தது.
காதுக்குக் கீழே பசை விட்டிருந்தது.
பாவம், நடிகருக்கு வேர்த்திருக்கும்.
சிரித்துவிட்டேன்.

பெயர்கள் ஏறி முடிந்தும்
போனைக் கீழே வைக்கவில்லை.
கொஞ்சம் ஓடட்டும் என்று பிடித்திருந்தேன்.
அதுவோ
அடுத்த படத்துக்கு
ஐந்து, நான்கு, மூன்று என்று
எண்ணத் தொடங்கியது.