இரண்டாவது குழாய்

எதற்கு இரண்டு என்று கேட்டாள்,
முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டே.
ஒன்று உனக்கு, பேர் ஒட்டியது.
மற்றது வட்டாரத்துக்கு, எண் மட்டும்.
வட்டாரத்துக்கு எதற்கு என் ரத்தம்?
இங்கிலீஷில் அதற்குப் பதில் வைத்திருந்தேன்,
ஒரு தாளில் அச்சடித்தது.
வேறு எந்த மொழியிலும் இல்லை.

சிஃபிலிஸுக்குத் தமிழ் என்ன என்று
அன்றிரவு அகராதியில் பார்த்தேன்: மேகநோய்.
வெருலமில் மேகம் என்றால்
கடலிலிருந்து கரும்புக்கு மேலே ஏறி வருவது.
நான் செய்வதும் அந்த வேலைதான் போலிருக்கிறது,
எந்த மேட்டில் எவ்வளவு என்று
டர்பனுக்குச் சொல்வது.

முப்பத்தொரு கிளினிக். ஓர் ஐஸ் பெட்டி.
கர்ப்பிணிகளை மட்டும் எண்ணுகிறோம்,
அவர்கள்தான் வருகிறார்கள், கையை நீட்டுகிறார்கள்.
ஆண்களை யாரும் குத்துவதில்லை,
அவர்களுக்கு ஒரு பெருக்கல் இருக்கிறது.
சுரங்கத்துக்குப் போய் டிசம்பரில் திரும்புகிறவன்
அந்தப் பெருக்கலுக்குள் எங்கேயோ
பை தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறான்.
ஒரு குழாய் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்காகப் பேசும்.
பாலம் உடைந்து நான் போக முடியாத இடத்துக்கு
பக்கத்துக் கிளினிக் பேசும்.
மறுத்தவர்களையும் மற்றவர்கள் மாதிரியே
வைத்துக்கொள்கிறோம்.
வைத்துக்கொள்வது, எங்கள் தொழிலில்
அதிகம் புழங்கும் வினைச்சொல்.
அதற்கு வேறு அர்த்தமும் உண்டு, ஊருக்கே தெரியும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான்.
நசுக்கிப் பார்த்த அந்த ஒரு சோற்றை
என்ன செய்வதென்று பழமொழியில் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மின்வெட்டு.
மேட்டுக் கிளினிக்கின் ஃபிரிட்ஜ்
பதினொரு மணி நேரம் செத்துக் கிடந்தது.
பேர் ஒட்டிய குழாய் ஒன்பதும் கெட்டன.
எண் ஒட்டியவை என் வண்டியில், ஐஸில். பிழைத்தன.
ஒன்பதில் ஒன்று பாசிட்டிவ்.

யாருடையது என்று எனக்குத் தெரியாது.
தெரியக் கூடாது என்பதற்காகத்தான் எண்,
அதற்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
டர்பனில் அந்தக் குழாய் ஏற்கெனவே
நாலு புள்ளி ஒன்றுக்குள் கரைந்துவிட்டது.
கீழே மூன்று புள்ளி மூன்று, மேலே ஐந்து.
நல்ல குறுகலான இடைவெளி என்றார் டாக்டர் மக்கன்யா.
நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.
நானும்தான்.

வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி.
காலத்தில் போட்டால் பிள்ளை தப்பும்.

ஒன்பது பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்
சிஸ்டர் டுடுசிலேயிடம்.
ஃபிரிட்ஜ் கெட்டது என்று சொல்லுங்கள், அது பொய் இல்லையே.
ஆறு பேர் வந்தார்கள். ஒருத்தி
டாக்ஸிக் காசைக் கேட்டுத் திட்டினாள், கொடுத்தேன்.
ஆறிலும் இல்லை.

கணக்குத் தெரிந்தவளுக்கு இது ஒரு தண்டனை.
ஒன்பதில் ஒன்று, மூன்றில் ஒன்றாகிவிட்டது,
அவர்கள் வராமலிருந்ததைத் தவிர
வேறொன்றும் செய்யாமலே.

நொம்ஃபுண்டோ: போன் அணைந்திருக்கிறது.
ஹ்லெங்கிவே: ஸ்டாங்கருக்குப் போய்விட்டாளாம்,
எந்தத் தெரு என்று அக்காவுக்கும் தெரியவில்லை.
பிரெஷென்ட்ரி கோவெண்டர்:
எதற்கு இரண்டு என்று கேட்டவள்.

அவள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.
அறிக்கை காலையில் அச்சுக்குப் போனது.
இவள் வந்தாலும் வராவிட்டாலும்
நாலு புள்ளி ஒன்று, நாலு புள்ளி ஒன்றுதான்.
இவளிடம் இல்லாமலிருக்க
மூன்றில் இரண்டு வாய்ப்பு. சோதனையும்
சிலமுறை பொய் சொல்லும்.
உள்ளே நாய் குரைக்கிறது.
யாரோ அதட்டுகிறார்கள்.

கதவு திறக்கிறது.
முதலில் வயிறுதான் தெரிகிறது.