சரிபாதி

குன்சானில் மழைக்காலம் முடிந்த மறுநாளே
பாக்கியை வட்டியோடு வசூலிக்க வந்துவிட்டது வெயில்.
அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்,
பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அத்தான்.
என்னிடம் இரண்டு பிள்ளைகள்,
ஒரு வீட்டுச் சாவி,
மதியம் மூன்று மணி.

நூற்றி நாலாம் பிளாக்குக்குக் கீழே
ஆளில்லாத ஐஸ்கிரீம் கடை.
நுழைந்ததும் சுல்பி
மூலைக் கேமராவுக்கு
இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் சொன்னாள்.
"அங்கே யாருமில்லை" என்றேன்.
"பாக்குறாங்களே" என்றாள்.

சின்னவன் ஹான்பியோலை
ஃப்ரீசர் மேல் தூக்கிப் பிடித்தேன்.
பனிப்புகைக்குள் தலைகீழாகத் தொங்கித் தேடினான்:
தர்பூசணிக் கீற்று, சாக்லேட் விதைகளோடு;
முலாம்பழப் பச்சையில் ஒரு செங்கல்;
கடைசியில், வேஃபர் செதில்களும்
வயிறு நிறையச் சிவப்புப் பயறுமாய்
ஒரு மீன்.
மீனைப் பிடித்துவிட்டான்.
விடவில்லை, விலை சொன்ன இயந்திரத்திடம்கூட.

சுல்பிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று:
நடுவில் பிளக்கும் இரட்டைக் குச்சி ஐஸ்.
"உனக்குப் பாதி சித்தி, எனக்குப் பாதி.
சரிபாதி."

வெளியே வந்ததும் என் மூக்குக்கண்ணாடி பனித்துப்போனது.
சில்வண்டுகள் மரத்தையே அறுத்துக்கொண்டிருந்தன.
ஊஞ்சல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து
கண்ணாடியைத் துடைத்தேன், ஒத்திப்போட.
அந்த ஐஸை நேராகப் பிளந்தவர் யாரையும்
இந்த முப்பத்தொரு வருடத்தில் பார்த்ததில்லை.
அக்கா பிளந்தால் அவள் பக்கம் பெரிது.
நான் பிளந்தாலும்
அவள் பக்கம்தான் பெரிது.

மூச்சை அடக்கினேன்.
பட்.

ஒரு குச்சியில் ஒன்றரை, மறு குச்சியில் அரை.
பெரியது தோள் மடங்கி நின்றது.
அழப்போகிறாள் என்று நினைத்தேன்.
"கியோக்!" என்று கத்தினாள்,
பள்ளியில் போன வாரம் வந்த முதல் எழுத்து.
பிடுங்கி, எழுத்தை
மூலையிலிருந்து தின்னத் தொடங்கினாள்.

ஹான்பியோலைக் காணோம்.
குழாயடியில் இருந்தான்.
யாரோ விட்டுப்போன மணல் வாளியில் தண்ணீர் பிடித்து
மீனை இறக்கிவிட்டிருந்தான்.
முதலில் வால் ஊறியது.
பிறகு செதில்.
பயறு இரண்டு மேலே வந்து சுற்றியது.
"போயிடுச்சு" என்றான், வெகு திருப்தியாக,
வெறுங்கையை நக்கிக்கொண்டே.

அப்போதுதான் போன் துடித்தது.
பிசுக்குக் கட்டைவிரலுக்கு இரண்டு முறை திறக்க மறுத்து
மூன்றாம் முறை காட்டியது:
சிவந்த, சுருங்கிய, கோபமான ஒரு முகம்.
மூன்று கிலோ நூறு, என்று அத்தான்.
கூடவே ஏழு ஆச்சரியக்குறி.

சுல்பி படத்தைப் பார்த்தாள்.
தம்பியை, என்னை.
கையிலிருந்த குச்சியை ரொம்ப நேரம்.
"மூணு குச்சி வச்சது விக்கிறாங்களா?"

தெரியாது என்று சொல்வதற்குள் ஓடிவிட்டாள்.
கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன்:
மறுபடி குனிந்து வணங்கி,
நிமிர்ந்து,
கேமராவுக்கு மூன்று விரல் காட்டிவிட்டு
பதிலுக்குக் காத்து நிற்கிறாள்.

என் முழங்கைவரை
ஒழுகிக்கொண்டிருக்கிறது
அரை.