அறிவிக்க வேண்டியவர்

ஒருத்திக்காவது நிற்கட்டும் என்றுதான்
இரண்டு பேரும் படுத்தோம்
பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், சென்னையில்,
லிஃப்ட் ஓடாத ஒரு நாலாம் மாடியில்.
ஸ்ரெலாவின் சங்கிலி, என் சீட்டுக்காசு,
பலாலியில் இருந்து போக வர ரிக்கெற்.
ஒரே இலக்கம் ஒட்டிய இரண்டு குப்பி.
ரொம்ப எதிர்பார்க்காதீங்க என்றாள் அங்கத்தைய தாதி,
நூற்றில் பதினைந்துதான்.

நின்றது.
இரண்டு பேருக்கும் நின்றது.

கொக்குவிலில், ஒரு குளியலறை உள்ள வாடகை வீட்டில்,
விடிய ஐந்தரைக்கு இரண்டு பேருக்கும் சத்தி.
ஒருத்தி உள்ளே, ஒருத்தி கிணற்றடி வாழைக்கு.
ஆர் ஆருக்கு முதுகு தடவுவது?
தாளிக்கும் மணம் எனக்கு ஆகாது,
என் தலையெண்ணெய் அவளுக்கு ஆகாது.
மூன்று கிழமை பாணும் சம்பலும்.
பிறகு சம்பலும் இல்லை.

ஊருக்காக இரண்டு புருசன் செய்தோம்.
இங்கே அது பெரிய வேலை இல்லை,
எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுக்கு மூன்றில்
புருசன் என்றால் ஃபோன்தான்.
என்னுடையவன் ரொறன்ரோவில் பனி தள்ளுகிறான்.
அவளுடையவன் பாசலில் கோப்பை கழுவுகிறான்,
குடிக்கமாட்டான், ஆனால் கோபக்காரன்.
"உன்ர ஆள் காசு அனுப்பினவரோ?" என்று கேட்பாள் இரவில்.
"இந்த மாசம் இல்லையாம். நாரிப்பிடிப்பாம்."
சிரித்துச் சிரித்து ஒரு நாள் பாய் நனைந்தது.

மிட்வைஃப் மிஸி ஸ்கூட்டியில் வந்தா,
ஒரே வாசல் இலக்கத்துக்கு இரண்டு அட்டை எழுத.
மெரிஸ்ரெலா. கஜந்தினி.
உயரம், நிறை, இரத்த வகை.
திரிபோசா இரண்டு பொதி மேசையில்.
கணவர் பெயர் என்ற இடத்தில் பேனை நின்றது.
பதற்றத்தில், ஒரே மூச்சில்,
இரண்டு பேரும் பிரதீபன் என்றோம்.

மின்விசிறி சுற்றியது.
மிஸி பேனையை உதறினா,
மை வராத பேனையை உதறுவதுபோல.
அந்தப் பெட்டியைத் தாண்டிக் கீழே இறங்கினா:
அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர்.
என் அட்டையில் ஸ்ரெலாவை எழுதினா,
அவள் அட்டையில் என்னை.
நம்பர் கேட்கவில்லை. ஒன்றைப் பார்த்து மற்றதில் எழுதினா.
வாசலில் ஹெல்மெற் மாட்டியபடி,
"ரெண்டு பேருக்கும் ஒரே நாளில நோ வந்தா,
பிள்ளையள், ஆர் ஆருக்கு அறிவிக்கிறது?"
பதிலுக்கு நிற்கவில்லை.

குருநகரில் இருந்து ஸ்ரெலாவின் அம்மா வருவதில்லை.
மீன் கொண்டு வரும் பெடியனிடம்
பால்சுறா கொடுத்து விடுகிறா.
ஒரு சொல் இல்லை, ஒரு துண்டுக் கடதாசி இல்லை.
நிறுத்துப் பார்த்தேன், ஒன்றேகால் கிலோ.
ஒருத்திக்கு அரைக்கிலோ காணும்.
வறை வறுக்கும்போது ஸ்ரெலா அழுதாள்.
வெங்காயம் என்றாள்.
வெங்காயம் வெட்டியது நான்.

கோண்டாவிலில் இருந்து, பஸ்ஸில் ஐந்து நிமிடம்,
எனக்கு எதுவும் வரவில்லை.

இது எட்டாம் மாதம்.
நேருக்கு நேர் படுத்தால் வயிறும் வயிறும் இடிக்கும்.
எழும்ப மற்றவளின் கை வேண்டும்,
கை தர அவள் முதலில் எழும்ப வேண்டும்.
யன்னல் கம்பியைப் பிடித்து முறை வைத்து எழும்புகிறோம்.
பிறப்புப் பதிவில் என்ன சொல்வது,
இந்த இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ன முறை,
அதற்கு இன்னொரு பொய் செய்யவேண்டும்.
இப்போதைக்கு உடம்பில் இடமில்லை.

நேற்று கரண்ட் போன நேரம்
என் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தாள்.
உதைத்தது.
என்னுடையது என்று வயிற்றில் கை வைத்தேன்.
என்னுடையது நித்திரை.
மறுபடி, முள்ளந்தண்டுக்கு இடப்பக்கம்,
சின்னக் குதிக்கால் ஒன்று.

"ஸ்ரெலா, உன்ர ஆள் எனக்கு அடிக்கிறார்."

"கோபக்காரன் எண்டு சொன்னனான்தானே,"
கண் திறக்காமல் சொன்னாள்.