புள்ளி இல்லாத மெய்

பெட்டியோடு வந்த தாளில் படம் போட்டிருக்கிறது:
கூட்டின் மேல் நான்கு துளை இடவும்.
கால்கள் வெளியே எட்டிப் பார்க்கும்.
ஆளுக்கொரு கொண்டை ஊசி செருகவும்.

கொண்டை ஊசி ஏற்காட்டுச் சாலைக்கு இருபது இருக்கிறது,
என் ஜீப்புக்கு வேண்டாம்.

பத்தில் ஒரு பங்கு ஜீப். கதவுப்பிடி எள்ளளவு.
முன்னால் கட்டிய எலுமிச்சை கடுகளவு.
கண்ணாடி போன்ற கூட்டுக்கு உள்ளிருந்து பூச வேண்டும் வண்ணம்;
முதலில் பூசுவதுதான் முகத்தில் தெரியும்,
தப்பினால் மேலே ஒன்று பூசி மூட வழியில்லை.
மூன்று ராத்திரி. காப்பிப்பழச் சிவப்பு. அதன் பின்னே வெள்ளை.
இதன் நெற்றியில் டிரில் வைப்பேனா?

ஐந்து ரோட்டில் பல் கட்டும் லேபில் வேலை எனக்கு.
பலகையில் டாக்டர் பெயர்,
ஊரார் வாயில் என் கைவேலை.
எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதென்று
சிரிக்கும்போது தெரியக் கூடாது.
பதினாலு வருஷமாக அதற்குத்தான் சம்பளம்.

ஒரு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கி
கால்களைக் கட்டையாக அறுத்து
நுனிக்கொரு காந்தம் ஒட்டினேன்,
சட்டைப் பித்தான் அளவு, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது.
கடி பார்க்கும் நீலத்தாளை நடுவே வைத்து
கூட்டை அமுக்கி
"கடிங்க" என்றேன். பழக்கதோஷம்.
உள்வெள்ளையில் நான்கு நீலப் பொட்டு.

பொட்டுக்கொரு காந்தம்.
ஈறு வார்க்கும் ரோஜா நிற அக்ரிலிக்கில் பதித்தேன்.
மூன்றாவதை முகம் மாற்றி வைத்துவிட்டேன் போல,
மூன்று மூலை அமர்கிறது,
ஒரு மூலை மட்டும்
பந்தியில் கோபித்துக்கொண்ட தாய்மாமனாக
எழுந்து எழுந்து நிற்கிறது.
சுரண்டி, புரட்டி, மறுபடி வார்த்து.

டக்.

விரலால் தடவினேன். நகத்தால் தடவினேன்.
மேலே ஒன்றுமே இல்லை.
மெய்யின் தலையில் புள்ளி,
உயிர் வந்து சேர்ந்தால் புள்ளி போய்விடும் என்று
இரண்டாம் வகுப்பில் நூறு தடவை எழுதியது ஞாபகம் வந்தது.
சொல்ல ஆளில்லை. பேட்டரியை சார்ஜ் போட்டேன்.

ஞாயிறு, கஞ்சமலை அடிவாரம்.
செம்மலையின் வண்டி மேல் நான்கு கிளிப்பும்
வெயிலில் பல்லிளித்தன.
ஆக்னஸ் என்னுடையதைத் தூக்கி
நாலா பக்கமும் பார்த்துவிட்டு
"எப்படிடி நிக்குது?"
தொழில் ரகசியம் என்றேன்.

இரண்டு பாறை ஏறியது, பல்லியைப் போல, அவசரமில்லாமல்.
மூன்றாவதில் பின்சக்கரம் நழுவி
வண்டி ஒரு பக்கம், கூடு ஒரு பக்கம்.
மோட்டாரும் ஒயரும் வெட்டவெளியில்
மல்லாந்து சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க
கூடு உருண்டுபோய் ஓடை மணலில் விழுந்தது.
செம்மலை சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.
அவன் வண்டி அதே பாறையில்
இரண்டு குட்டிக்கரணம் போட்டு
முழுசாக எழுந்து போனது.

இறங்கி எடுத்துத் திருப்பினேன்.
நான்கு ஈறிலும் கறுப்புத் தாடி.
மலையிலிருந்து கரைந்து வந்த இரும்பு மணல்,
ஒவ்வொரு மயிரும் சிலிர்த்து நிற்கிறது.
"உன் ஜீப்புக்கு மலையைப் புடிச்சிருக்கு" என்றாள் ஆக்னஸ்.

ஊதினேன், போகவில்லை.
துடைத்தால் அங்கேயே நகர்ந்து அங்கேயே நிற்கிறது.
செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தேன்.
கொஞ்சம் மிச்சம். இனி எப்போதும் கொஞ்சம் மிச்சம்.

இப்போது அமர்த்தினால் டக் இல்லை,
நற என்று ஒரு சத்தம், பிறகுதான் பிடி.

சக்கர வளைவுக்கு உள்ளே, யாரும் குனியாத இடத்தில்
ரோஜா ஈறில் ஒரு வளையம் வார்த்து
பல் இடுக்கு நூலால் சேஸிஸோடு முடிந்திருக்கிறேன்.
துளை? இல்லை.
பாறையில் மூக்கை வைத்துப் பார்த்தால்
லேசாகப் புதினா வாசம்.