இரண்டு கோடுகளுக்கு நடுவே

வுல்பெண்டால் ஏற்றத்தில்தான் முதலில் தெரிந்தது.
பதினோரு பிள்ளைகள், பதினோரு தண்ணீர்ப் போத்தல்கள்,
இரண்டாம் கியர்.
வேன் ஏறவில்லை, யோசித்தது.
கண்ணாடியில் நீலப் புகை.
புகைக்குள்ளிருந்து ஒரு முச்சக்கர வண்டிக்காரன்
என் தாயைப் பற்றிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான்.
எனக்கு இரண்டு பாஷையும் விளங்கும்.

ஆமர் வீதிக் கராஜில் சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.
"டேர்போ முடிஞ்சுது. மூன்று லட்சம்.
இன்றைக்கே சொன்னால் இரண்டு எழுபத்தைந்து."
நான் சொல்லவில்லை.
எனக்குச் சீட்டு விழ
இன்னும் ஐந்து மாதம்.

பஞ்சிகாவத்தையில்,
கழற்றிய கதவுகள் தொங்கும் சந்துக்குள்
மஸாஹிரின் இடம்.
பாதிக்குத்தான் கூரை, மிச்சம் வெயில்.
"சத்தம் எப்பிடி மிஸ்? விசிலா, ஊளையா?"
உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினேன்.
ஸ்பானரோடு நின்ற துமிந்த
அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

டேர்போத் தண்டின் நுனியை
இரண்டு விரலால் பிடித்தான் மஸாஹிர்,
கைக்குழந்தையின் மூக்கைப் பிடிக்கிற மாதிரி.
மேலும் கீழும். உள்ளும் வெளியும்.
ஆட்டமில்லை.
இறகுகள் எதையும் உரசியிருக்கவுமில்லை.
"மவுத்தாகல்ல மிஸ். நனைஞ்சிதான் இரிக்கு."

பிறகு இன்டர்கூலர்.
ஹோஸ் வாய் உப்பி, விரலால் அமர்த்தினால் குழி நின்றது.
யாரோ தயிர் தின்றுவிட்டு வைத்த சட்டிக்கு மேல்
அதைத் தலைகீழாய்ச் சாய்த்தான்.
கறுப்பாய், அவசரமில்லாமல்,
ஒழுகியது,
சட்டி பாதியாகியும் ஒழுகியது.
காற்று மட்டும் போகவேண்டிய வழி அது.
"கொஞ்சம் ஈரம் எல்லா வண்டிலயும் இரிக்கும்.
இது கொஞ்சமில்ல."

மூச்சுக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தான். அடைப்பில்லை.
கடைசியில் எண்ணெய்க் கோலை இழுத்து,
துடைத்து, விட்டு, மறுபடி இழுத்து
வெயிலில் பிடித்தான்.
மேற்கோட்டுக்கும் மேலே இரண்டு விரல்.

"யாரு இவ்வளவு எண்ணெ ஊத்தின?"

போன வருடம் களனிப் பாலத்தில்
எண்ணெய் விளக்கு ஒருதரம் சிவந்து அணைந்தது.
பிள்ளைகள் உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள்.
அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி ஒரு கோப்பை,
சாமி விளக்குக்கு ஊற்றுகிற அதே கையால்.
கோலை இழுத்துப் பார்க்கவில்லை.
குறைந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்.

"நான்தான்" என்றேன்.
மஸாஹிர் ஒன்றும் சொல்லவில்லை.
"கூடினா கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கும்.
நுரை எங்கயாலும் போகத்தானே வேணும்"
என்று மட்டும், சட்டியைப் பார்த்து.

மிதமிஞ்சியதை வடித்தார்கள்.
துமிந்த இன்டர்கூலரை மடியில் கிடத்தி
மண்ணெண்ணெய் ஊற்றி, இரு வாயையும் பொத்தி, தாலாட்டினான்.
முதல் ஊற்றுக் கறுப்பு.
இரண்டாவது கோப்பி.
மூன்றாவது பிளேன்ரீ.
பிறகு கொதிநீரும் சட்டி கழுவுகிற சோப்பும்,
சந்து நெடுக நுரை.
தகரத்தின் மேல் காயவைத்தார்கள்.
மூன்று மணிக்கு மழை.
ஓடிப்போய் எடுத்தது நான்.

"இன்னைக்குப் பூட்ட ஏலாது.
உள்ளுக்கு மண்ணெண்ணெ மிஞ்சினா எஞ்சின் அதையும் குடிக்கும்.
சாவிய எடுத்தாலும் நிக்காது."
பதினோரு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.
ஒன்பது பேர் ஏசினார்கள்.

மறுநாள் வெள்ளைக் கடதாசியைத் திரித்து
உள்ளே விட்டுச் சுழற்றினான்.
வெள்ளையாகவே வந்தது.
புது ஹோஸ், கிளிப், கூலி: பதினாலாயிரத்து ஐந்நூறு.
ஐந்நூறைக் குறைக்கச் சொன்னேன். குறைக்கவில்லை.

வுல்பெண்டால் ஏற்றம், மூன்றாம் கியர்.
முதலில் கொஞ்சம் புகை, குழாயில் மிஞ்சியிருந்தது;
பிறகு அதுவுமில்லை.

இன்றைக்கு வெள்ளி.
எண்ணெய்க் கான் சீட்டுக்கடியில், கைக்கெட்டும் தூரத்தில்.
கோலை இழுத்தேன், துடைத்தேன், விட்டேன், இழுத்தேன்.
இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தது.
இன்னொருதரம் பார்த்தேன்.
இன்னொருதரம்.
பின்சீட்டிலிருந்து ஒரு பிள்ளை எட்டி வந்து
ஹோர்னை அடித்தது.